நாற்காலியின் பரிமாற்ற மதிப்பு

ஒரு பொருளின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று நான் தெரிந்துகொண்ட வாரத்திலேயே, வீட்டில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விட்டது.

புனேயில், கராடியில் என்னோடு வேலை பார்க்கும் சிலர் சனிக்கிழமைகளில் கூடி மார்க்சியம் படிக்கிறோம். எல்லோரும் சாஃப்ட்வேர். முதலில் சமோசா, புரட்சி பிறகு. தத்துவ தாகத்தால் நான் அங்கே சேரவில்லை. என் சாய்வு நாற்காலியைக் காப்பாற்றச் சேர்ந்தேன்.

ஹடப்சரில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. தோல் உரிந்துவிட்டது. கால் வைக்கும் பலகையை நீட்டினால் மடங்காது. என் மனைவி சியாமளா அதில் விரலை இடித்துக்கொள்ளாத நாளே இல்லை.

"ஏனுங்க, இது வெளிய போகோணும். இல்லீன்னா நீங்க போகோணும்" என்றாள். கோயமுத்தூர்க்காரி. மரியாதையாகத்தான் மிரட்டுவாள்.

தத்துவத்தால் மடக்குவது என்று தீர்மானித்தேன்.

"சியாமளா, இந்த நாற்காலி சரக்கே இல்லை, தெரியுமா?"

அவள் கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள். "சனிக்கிழமை கூட்டத்துல அது வேற உண்டுங்களா?"

"அந்தச் சரக்கு இல்லம்மா! சந்தைக்குப் போற பொருளுக்குப் பேர்தான் சரக்கு. இதுக்குப் பயன்மதிப்பு இருக்கு, நான் உக்கார்றேன். பரிமாற்ற மதிப்பு இல்லை, எவனும் வாங்க மாட்டான். அதனால இங்கேயே இருக்கட்டும்."

"அப்ப நான் ஆக்கற சோறு?"

"அதுவும் சரக்கு இல்லை. நாமளே தின்னுடறோமே."

"இத்தனை பாடுபட்டும் அதுக்கு மதிப்பு இல்லீங்களா?"

"உழைப்பு இருக்கு. ஆனா இன்னொண்ணோட மாத்தும்போதுதான் அது மதிப்பா வெளியே தெரியும்."

"ஓ... மாத்தோணும்" என்றாள். தலையை ஆட்டிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். ஜெயித்துவிட்டோம் என்று காலை நீட்டிச் சாய்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்தால் ஹாலில் நாற்காலி இல்லை. அந்த இடத்தில் ஒரு வெட் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது.

"என் நாற்காலி எங்கே?"

"எதிர் வீட்டு லூர்துசாமி அண்ணன்கிட்ட. கிரைண்டர் அங்கிருந்து வந்துச்சுங்க. மாத்தியாச்சு."

"ஓட்டை நாற்காலியும் கிரைண்டரும் எப்படிச் சமமாகும்?"

"உழைப்பை வச்சுப் பார்த்தேனுங்க. சரியாத்தான் இருந்துச்சு."

எதிர் வீட்டுக்கு ஓடினேன். லூர்துசாமி கட்கி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"சார், கிரைண்டரைத் தந்துடறேன். நாற்காலியைக் கொடுங்க."

"அரே, குர்சியா? சத்தம் போடாதீங்க. எங்க பூனை அதுல குட்டி போட்டிருக்கு." எட்டிப் பார்த்தேன். நாற்காலியின் பயன்மதிப்பு என் கண்ணெதிரே நாலு குட்டிகளாகப் பெருகியிருந்தது.

"இருந்தாலும், கிரைண்டருக்கு மாத்தின நாற்காலி..."

"கிரைண்டருக்கா? யார் சொன்னது? குர்சி சும்மா வந்தது. எங்கேயாவது போட்டுக்குங்கன்னு உங்க பாய்கோ, வீட்டுக்காரம்மாதான் குடுத்தாங்க."

"அப்ப கிரைண்டரை எதுக்குக் கொடுத்தீங்க?"

"இட்லி மாவுக்கு! ஞாயித்துக்கிழமையானா நீங்களே அரைச்சு எங்களுக்கும் தருவீங்கன்னு பேச்சு. ஷாபாஷ் சார்! எந்தப் புருஷன் இப்படிப் பண்ணுவான்?"

ஞாயிறு காலை அரிசியும் உளுந்தும் ஊறித் தயாராக இருந்தன. கிரைண்டர் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் தலையணை, கையெட்டும் தூரத்தில் காபி. சியாமளா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க அந்த மதிப்புச் சமாச்சாரத்தை. நிதானமாக் கேக்கறேன்."

நிஜமாகவே கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதை யாரும் கொட்டாவி விடாமல் கேட்டதில்லை. உளுந்தைத் தள்ளிவிட்டபடி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

மனிதன் தன் உழைப்புச் சக்தியைத் தானே சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறான் என்பது பாடம். அவனுக்குத் தெரியாமல் அவன் மனைவி அதை எதிர் வீட்டில் விற்றுவிட்டு வருவாள் என்று எங்கள் வகுப்பில் இதுவரை யாரும் சொல்லவில்லை.