எலியையும் திருவடியிலிருந்து சேவித்தது குறித்து

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

ஸ்ரீமான் ஸ்ரீரங்கன் ஸ்வாமி திருவடிகளில் சம்பந்தி கோதண்டபாணி தெண்டன் சமர்ப்பித்துச் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

இவ்விடம் பெருமாள் கிருபையால் அனைவரும் சௌக்கியம், ஆராய்ச்சிக்கூடத்து எலிகள் உட்பட. தேவரீரும் சம்பந்தி அம்மாளும் அவ்வண்ணமே இருக்கப் பிரார்த்திக்கிறேன். கோபாலபுரம் ஓர் ஆட்டோ தூரந்தான். ஆயினும் இதைத் தொலைபேசியில் சொன்னால் பாதியில் அம்மாள் வாங்கிக்கொண்டு பேசத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், எழுதி, என் பிள்ளை சுஹாஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் வர்ஷினியின் கண்கள் சிவந்திருக்கக் கண்டு, "எங்காத்துப் பொண்ணுக்கு அங்க என்ன குறை?" என்று தேவரீர் என் பிள்ளையைக் கேட்டதாக அறிந்தேன். குறை அவளுக்கில்லை, எலிகளுக்கு. காரணம் அடியேன்.

தேவரீர் அறிந்தபடி, அடையாற்றில் அவள் வேலை பார்க்கும் இடத்தில், நடை தளரும் வியாதி மூளையில் எங்கே தொடங்குகிறதென்று எலிகளின் நடையை வைத்து ஆராய்கிறார்கள். எலி நடமாடும் பெட்டிக்கு மேலே ஒரு காமிரா. சில படங்களில் மனிதர் புள்ளி வைத்து அவயவங்களை அடையாளம் காட்டினால், கம்ப்யூட்டர் அதைக் கற்றுக்கொண்டு மீதி ஆயிரக்கணக்கான படங்களில் தானே வைத்துக்கொள்ளுமாம். குழந்தை வர்ஷினிக்கு மணிக்கட்டு வலி. எனக்கோ கண்புரை எடுத்த புதுப்பார்வை, பாராயணம் முடிந்தால் பகலெல்லாம் ஓய்வு. "மூக்கு, கழுத்து, நடுமுதுகு, வாலடி. நாலே இடந்தான் மாமா, சிரமமா இருக்காதே?" என்றாள். "தும்பிக்கையாழ்வாரையே சுமக்கிற பிராணிம்மா, இது கைங்கர்யம்னா!" என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனா, ஒரு திருமேனியை முடியிலிருந்து பார்க்கத் தொடங்குவது நம் சம்பிரதாயமா? திருவடியைச் சேவித்து, படிப்படியாக மேலேறி, நிறைவிலல்லவா திருமுக தரிசனம்! மேலிருந்து எடுத்த படத்தில் எலியின் பாதம் தெரியாது. ஆகவே வாலடியையே திருவடி ஸ்தானமாகக் கொண்டு, அங்கே முதல் புள்ளி வைத்து, முதுகு, கழுத்து என்று ஏறி மூக்கில் முடித்தேன். முதல் புள்ளி எங்கிருந்தாலும் அதை மூக்கென்றே யந்திரம் கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதாவது, அவள் சொன்னாள். நான் இடங்களைக் கேட்டுக்கொண்டேன், வரிசையைக் கேட்டுக்கொள்ளவில்லை.

விளைவு, திங்களன்று புரொபசர் முன் வைக்கவேண்டிய ஆராய்ச்சியில் எலிகள் யாவும் பின்பக்கமாகவே நடந்தன. அவளோடு வேலை செய்யும் ஜாஸ்பர் என்ற பிள்ளை போனில் பேசியது கூடம்வரை கேட்டது: "இன்னா வர்ஷினி, உன் எலிங்க எல்லாம் ரிவர்ஸ் கியர்லயே போய்க்கினு கீது? புரொபசர் பார்த்தாருன்னா நம்மளையும் அப்டியே வாசலுக்கு அனுப்பிடுவாரு!" சுஹாஸ் என்னருகில் வந்து, "அப்பா, திங்கக்கிழமை இது சரியா வரலேன்னா இந்த வேலையே வேற ஒருத்தர் கைக்குப் போயிடும். உள்ள அழுதுண்டிருக்கா. உங்ககிட்ட சொல்லப்படாதுன்னுட்டா" என்றான். கம்ப்யூட்டர் வரைந்து காட்டிய எலிகளைப் போய்ப் பார்த்தேன். சந்நிதியை விட்டு வரும்போது பெருமாளுக்கு முதுகு காட்டாமல் பின்னடி வைத்து வருவோமே, அந்த மரியாதையோடு ஒவ்வோர் எலியும் மூலையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைச் சேவித்துக்கொண்டே பின்வாங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால், மாமனார் மனம் நோகக்கூடாதென்று வாய் திறவாமலிருந்த குழந்தையை நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அவளறியாமல் நேற்றும் இன்றும் விடியலில் எழுந்து, அனுஷ்டானம் முடித்து, ஒவ்வொரு படமாகத் திறந்து, பழைய புள்ளிகளை நீக்கி, மூக்கில் தொடங்கி வாலடியில் முடியுமாறு, சாஸ்திர விரோதமாக, எல்லாவற்றையும் புதிதாக வைத்துவிட்டேன். ஒவ்வோர் எலியிடமும் மனத்துக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். காப்பி கொண்டுவந்த என் தர்மபத்தினி, "எலிக்கு இவ்ளோ பொறுமையா புள்ளி வெக்கறேளே, வாசல்ல ஒரு நாள் எனக்குக் கோலப்புள்ளி வெச்சுக் கொடுத்திருக்கேளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாளையைப் பற்றித் தேவரீருக்குக் கவலை வேண்டாம். எலிகள் முன்னோக்கியே நடக்கும், உங்கள் பெண்ணின் கண்கள் இனிச் சிவக்கா. இந்த வயதில் ஓர் உத்தியோகம் வாய்த்து, அதில் பிழை செய்து, அதை நானே திருத்தவும் பெருமாள் அவகாசம் கொடுத்திருக்கிறார். பரம திருப்தி. அம்மாளுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரங்கள். அவர்கள் கொடுத்தனுப்பிய சீடை டப்பாவைக் காலியாகத் திருப்பி அனுப்புவதற்கு க்ஷமிக்கவும். தேவரீரின் முழங்கால் சுகப்பட்டு, விரைவில் இங்கு எழுந்தருள வேண்டும்.

அடியேன்,
கோதண்டபாணி தாஸன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் "மாமா!" என்று வர்ஷினி ஓடி வந்தாள். எலிகள் மறுபடியும் பின்னடி வைக்கின்றனவாம். நான் வைத்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கும்படி, வெள்ளிக்கிழமையே யந்திரத்துக்கு ஒரே ஒரு வரிக் கட்டளை எழுதி அவள் எல்லாவற்றையும் சரிசெய்திருந்தாளாம். எனக்குத் தெரியக்கூடாதென்று அவள் எழுதிய வரி, அவளுக்குத் தெரியக்கூடாதென்று நான் திருத்தியதையெல்லாம் சிரத்தையோடு மீண்டும் தலைகீழாக்கிவிட்டது. "அந்த வரியை எடுத்துட்டாப் போறதே" என்றான் சுஹாஸ். "வேண்டாம், மாமா முதல்ல வெச்ச புள்ளி எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு நகல் இருக்கு, அதையே போட்டுடறேன். இனிமே நீங்க திருவடியிலேர்ந்தே வையுங்கோ மாமா, அந்த வரி அப்படியே இருக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நன்றாகவே சிவந்துவிட்டன. இன்று வீடியோவில் பார்த்தால் தேவரீர் பதற வேண்டாம்.