ஓசி சாரும் முப்பது இடங்களும்

'இலவசம்' என்று எழுதியிருப்பதை வரிக்கு வரி நம்பிய மனிதர் மலேசியாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். கிள்ளானில் நான் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளியில் அவர் மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆசிரியர் அறையிலும் சிற்றுண்டிச்சாலையிலும், ஏன், வாசல் காவலருக்கும்கூட அவர் ஓசி சார்தான்.

இணையத்தில் காசு கேட்காத கருவி எது வந்தாலும் மறுநாள் அது அவர் வகுப்பில் இருக்கும். பெயர் எடுக்கும் சக்கரம், பேசும் கரடி, வாய்ப்பாடு சரியாகச் சொன்னால் வெடிக்கும் பலூன், எதையும் விட்டுவைத்ததில்லை. பதினான்கு நாள் மட்டும் இலவசம் என்றால், பதினைந்தாம் நாள் வேறொரு மின்னஞ்சலில் புது ஆளாகப் பிறந்துவிடுவார். வீட்டுப் பூனை பேரில்கூட ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்தப் பூனைக்கு மாதம் தவறாமல் 'அன்புள்ள ஆசிரியருக்கு' என்று மின்னஞ்சல் வரும்.

"கொஞ்சம் காசு கட்டி நல்லதா ஒன்னு வாங்குங்களேன் சார்," என்றேன் ஒருநாள்.

"நான் கட்டிருவேன் டீச்சர். பிள்ளைங்க வீட்டுல போய்த் திறக்கறப்ப காசு கேட்டா யாரு லா கட்டுவா?" என்றார்.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டிலிருந்தே பாடம் நடத்தினோம். இலவசக் காணொலி வகுப்பு நாற்பது நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். நாங்கள் அதைத் திட்டிக்கொண்டிருக்க, ஓசி சார் அதற்கென்றே கதை கட்டினார். முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் திருடன் ஒரு கதவைத் திறப்பான். உள்ளே என்ன என்று சொல்வதற்குள் திரை கறுத்துவிடும். பிள்ளைகள் அடுத்த இணைப்புக்கு விழுந்தடித்து ஓடி வருவார்கள். கதவுக்குப் பின்னால் எப்போதும் பின்னக் கணக்குதான் இருக்கும். அது தெரிந்தும் வந்தார்கள்.

சான்றிதழ் தயாரிப்பதும் இலவசத்தில்தான். ஆனால் அதன் குறுக்கே பட்டையாக 'சாம்பிள்' என்று விழும். காசு கட்டினால் போய்விடும். அவர் கட்டவில்லை. ஒரு பையனின் அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, மறுவாரமே பள்ளிக்கு வந்துவிட்டார்.

"சாம்பிள் கிடைச்சிருச்சு சார். ஒரிஜினல் எப்ப வரும்?"

"அது யுனிவர்சிட்டியில குடுப்பாங்கக்கா. நான் சாம்பிள் மட்டும்தான்," என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அந்த அம்மா திருப்தியாகப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது அவருடைய புதிர்ப்போட்டி. ஒரு குறியீட்டு எண் தருவார். பிள்ளைகள் விருப்பம்போல் புனைபெயர் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து ஆடலாம். அந்த வகுப்பில் திவ்யா என்று ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாளே தவிர, வாயைத் திறக்க மாட்டாள். அவளே 'நாசி லெமாக்' என்று தேங்காய்ப்பால் சோற்றின் பெயரில் ஆடினால் மொத்த வகுப்பும் அவளுக்குப் பின்னால்தான். அந்தப் பெயர் முதலிடத்துக்கு ஏறும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கு வராத பிள்ளைகளும் ஆடட்டும் என்று, பெற்றோரின் வாட்ஸ்அப் புலனக் குழுவிலும் எண்ணைப் போட்டுவிடுவார். பிள்ளைகளோடு பெற்றோரும் நுழைந்தார்கள். போர்ட் கிள்ளான் துறைமுக வாசலில் லோரியை நிறுத்திக் காத்திருந்த அப்பா ஆடினார். பங்சார் அலுவலகத்தில் மேலாளருக்குத் தெரியாமல் ஓர் அம்மா ஆடினார். நானும் பக்கத்து வகுப்பிலிருந்து 'தேவதை' என்ற பெயரில் திருட்டுத்தனமாக நுழைவேன். ஒருநாள் தவறாமல் கடைசி இடம்.

பள்ளியில் பிள்ளைகள் கேம் ஆடுகிறார்கள் என்று யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள். தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை கல்வி இலாகா அதிகாரி வந்து பார்க்கப்போறாரு. அவர் வேணாம்னு சொல்லிட்டா அன்னைக்கே நிறுத்திடுங்க சார். பழையபடி பயிற்றுத்தாள்தான்."

அன்று ஓசி சார் தட்டிலிருந்த மீ கோரெங் நூடுல்ஸைத் தொடவே இல்லை. "பயிற்றுத்தாள்ல நாசி லெமாக் எப்படி டீச்சர் வரும்? அந்தப் பிள்ளை மறுபடியும் கடைசி நாற்காலிக்குப் போயிரும்," என்றார்.

வியாழக்கிழமை காலையில் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: 'இன்று அதிகாரி வருகிறார். அனைவரும் ஒத்துழைக்கவும்.' பழக்கதோஷத்தில் கீழேயே போட்டி எண்ணையும் போட்டுவிட்டார். ஒத்துழைப்பதில் நம்மவர்களை அடித்துக்கொள்ள முடியுமா?

படம் எடுக்கும் சாக்கில் நானும் வகுப்பில் இருந்தேன். அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் மடிக்கணினிகளைத் திறந்து எண்ணைத் தட்டினார்கள். திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இலவசக் கணக்கில் முப்பது பேருக்குத்தான் இடம், முப்பதும் நிரம்பிவிட்டது என்று. உள்ளே நுழைந்திருந்த பிள்ளைகள் நாலே பேர். மற்ற இருபத்தாறும் கிள்ளான் புலி, சமையல் ராணி, லோரி கிங், மூணு பிள்ளை அப்பா என்று பெற்றோர் பட்டாளம். திவ்யாவுக்கும் இடமில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஓசி சார் குழுவில் குரல்பதிவு போட்டார்: "பெற்றோர்களே, தயவுசெஞ்சு வெளிய போங்க!" ஒருவரும் அசையவில்லை. "நாங்க இருக்கோம் சார், பயப்படாதீங்க!" என்று ஒரு பதில்தான் வந்தது.

அப்போது திவ்யா எழுந்து விறுவிறுவென்று முன்னால் போனாள். சார் கையிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கிக் குழுவில் பேசினாள்.

"அப்பா! கிள்ளான் புலி! அது என் இடம். வெளிய போங்கப்பா!"

அவள் குரல் எப்படி இருக்கும் என்று எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. திரையில் முதலில் கிள்ளான் புலி மறைந்தது. பின்னாலேயே சமையல் ராணி. லோரி கிங். ஒரு நிமிடத்தில் பட்டாளமே காலி. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். நாசி லெமாக்கும் வந்துவிட்டது.

அதிகாரி எழுந்து வந்தார். ஓசி சாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சார், எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா?" என்றார் அதிகாரி, கைப்பேசியை நீட்டியபடி.

திவ்யா முதலிடம், அதிகாரி ஏழாவது. அறிக்கையில் அவர் என்ன எழுதினாரோ தெரியாது, பயிற்றுத்தாள் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. ஓசி சார் முகம் கழுவிவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்து, "வெயில் டீச்சர்," என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் காப்பாருக்கு மாற்றலாகிப் போனார். நான் ஓய்வு பெற்று பிரிக்பீல்ட்ஸ் வந்துவிட்டேன். இப்போதும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, காப்பார் பிள்ளைகளுக்குப் போகும் எண் பழைய குழுவுக்கும் வரும். போன வாரம் பழைய ஆட்களே இடத்தை நிரப்பிவிட்டோம். உடனே ஒரு குரல்பதிவு வந்தது. இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கும் திவ்யாதான். "பெரியவங்க எல்லாம் வெளிய போங்க. காப்பார் பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

வெளியேறினேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் வருத்தம்தான். பத்து நிமிடத்தில் ஓசி சாரிடமிருந்து எனக்கு மட்டும் ஓர் எண் வந்தது. 'டீச்சர், இது உங்களுக்கு.' உள்ளே பத்துக் கேள்விகள், எல்லாம் எங்கள் பழைய ஆசிரியர் அறையைப் பற்றி. பலகாரத்தை ஒளித்து வைத்தது யார், மின்விசிறியின் எந்தப் பொத்தான் வேலை செய்யாது என்றெல்லாம். ஆடியது நான் ஒருத்திதான். வாழ்நாளில் முதன்முறையாகத் தேவதைக்கு முதலிடம்.

மாலையில் சான்றிதழும் வந்தது, குறுக்கே அதே 'சாம்பிள்' பட்டையோடு. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். எனக்கு ஒரிஜினல் வேண்டாம்.