ராட்டினத்தடியில் நாற்பது நிமிஷம்

திண்டுக்கல்,
18-6-1961.

மதிப்பும் பிரியமும் மிக்க மைத்துனர் திரு. பெருமாள்சாமி அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் உடையப்பன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் அக்காள் கண்ணம்மாளும் எங்களோடு இருக்கும் என் அக்காள் பேச்சியம்மாளும் தேக சுகத்துடன் இருக்கிறோம். மழை இல்லை. மற்றபடி குறை ஒன்றும் எழுதும்படியாக இல்லை. பாலசமுத்திரத்தில் தாங்களும் தங்கள் இல்லாளும் குழந்தைகளும், சென்ற மாதம் கால் பிசகிய வெள்ளைப் பசுவும் நலந்தானா என்று தெரிவிக்கவும்.

தங்கள் கார்டு கிடைத்தது. இவ்வூரில் நடக்கும் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு வர உத்தேசம் என்றும், ஒரே நாளில் ஒன்றையும் விடாமல் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்க எப்படித் திட்டம் போடுவது என்பதை, மில்லில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் கேட்பதே முறை என்றும் எழுதியிருந்தீர்கள். முறைதான். ஆனால் என் யோசனை, வர வேண்டாம் என்பது. காரணத்தைக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

நம் மூத்த மகள் கல்யாணப் பந்தியில் என் அக்கா இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "ஏப்பா, இந்தக் கொழம்பு அடுப்புல வச்சதா, ஆத்துல கோரினதா?" என்று கேட்டது தங்களுக்கு நினைவிருக்கும், ஏனென்றால் அன்று வாளியைத் தூக்கிப் பரிமாறியது தாங்கள்தான். குழம்பு வைத்தது கண்ணம்மாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. அடுத்த ஆறாம் மாதம் அத்தான் தவறிப்போய், அக்கா நிலக்கோட்டைப் பூந்தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். அது முதல் ஏழு வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குடம், பேச்சு மட்டும் என் வழியாக. அடுப்படியில் இரண்டு பேரும் முதுகோடு முதுகு உரசிக்கொண்டு நிற்பார்கள். "உப்பு எங்கேன்னு கேளுங்க" என்பாள் கண்ணம்மாள். கூடத்தில் இருக்கும் நான், "அக்கா, உப்பு எங்கே?" என்பேன். "அவ கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லு" என்பாள் அக்கா. நான் சொல்லுவேன். இதை ஒரு குறையாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பொருட்காட்சி வந்ததும் இரண்டு பேரும் தனித்தனியே என்னைக் கூட்டிப்போகச் சொன்னார்கள். இரண்டு பேரும் மற்றவள் வந்தால் தான் வரமாட்டேன் என்றார்கள். ஒரே பொருட்காட்சியை ஒருவன் இரண்டு நாள் பார்ப்பது வீண். எனவே ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டு, பதினோரு இடங்களையும் ஒவ்வொன்றுக்கும் உரிய நிமிஷங்களையும் குறித்துக்கொண்டேன். விவசாய அரங்கு பதினைந்து நிமிஷம், சுகாதார அரங்கு பத்து, கண்ணாடி மாளிகை எட்டு, ராட்டினம் இருபது, மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் பதினைந்து, தாம்பாளம் அகலத்துக்குப் பொரித்துத் தருகிற அப்பளத்துக்கு ஆறு நிமிஷம், இப்படி. பிறகு அக்காவைக் கோயிலுக்குப் போகிற மாதிரி முன்னால் அனுப்பி, நாலு மணிக்குப் பொருட்காட்சி வாசலில் நிற்கச் சொன்னேன். கண்ணம்மாளை நான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். நான் அதற்கு முன்பே மூன்று டிக்கெட்டும் எடுத்துவிட்டேன்.

தொடக்கத்திலேயே திட்டம் வழுக்கியது. விவசாய அரங்கில் அக்கா ஒரு புது ரகக் கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்து, இது காயே இல்லை, மெழுகு என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொல்ல, அவர் ஆமாம் மாதிரிக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்ல, மெழுகைக் காட்டுவதற்கா இம்புட்டுப் பந்தல் என்று அக்கா கேட்க, இருபத்தைந்து நிமிஷம் கூடுதலாகப் போயிற்று. கண்ணாடி மாளிகையில் கண்ணம்மாள் தன்னைக் குட்டையாகவும் தடியாகவும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டாள். நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டே "ஆமா, வா" என்று சொல்லிவிட்டேன். அதைச் சரிசெய்வதில் இன்னொரு பன்னிரண்டு நிமிஷம் போயிற்று. ராட்டினத்துக்குப் போனபோது முப்பத்தேழு நிமிஷம் பின்தங்கியிருந்தோம். ஒரு பெட்டிக்கு இரண்டு ஆள். முதலில் அக்காவோடு ஏறி இறங்கி, பிறகு கண்ணம்மாளோடு ஏறி இறங்குவதாக இருந்தேன். இப்போது அதற்கு நேரம் இல்லை என்பதால் இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் ஏற்றிக் கம்பியை மாட்டச் சொன்னேன். மாட்டிய பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. ராட்டினம் கிளம்பிவிட்டது.

மூன்றாவது சுற்றில் அவர்கள் பெட்டி உச்சிக்குப் போன சமயம் எண்ணெய் எஞ்சினின் பெல்ட் அறுந்தது மாப்ளே. டப்பென்று ஒரு சத்தம், அம்புட்டுத்தான். எஞ்சின்காரர் பேச்சிமுத்து என்பவர் பீடியைக் கீழே போடாமலே வந்து பார்த்துவிட்டு, "ஊருக்குள்ள ஆள் போயிருக்கு, வேற பெல்ட் வந்துரும்" என்றார். நாலு பேர் சேர்ந்து கையால் தள்ளலாமே என்றேன். "எடை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. தள்ளுனா தலைதெறிக்கச் சுத்திரும். பரவாயில்லையா?" என்றார். நான் நாலு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

அப்போது மேலேயிருந்து கண்ணம்மாள் குரல் கொடுத்தாள். "ஏனுங்க! உங்க அக்காளை ஆடாம உக்காரச் சொல்லுங்க!" நான் கையைக் குவித்துக்கொண்டு, "அக்கா! ஆடாம உக்காரணுமாம்!" என்று கத்தினேன். "நான் எங்கலே ஆடுறேன்? பொட்டிதான் ஆடுதுன்னு சொல்லு!" என்றாள் அக்கா. "கண்ணம்மா! பொட்டிதான் ஆடுதாம்!" என்றேன். "அவுங்க அந்த ஓரத்துல சாஞ்சா ஆடாம என்ன செய்யுமாம்? கேளுங்க!" கேட்டேன். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் என் தோளைத் தொட்டு, "பெரியவரே, அந்தம்மாக்க ரெண்டு பேரும் ஒரே பொட்டியிலதான இருக்காக?" என்றார். ஆமாம் என்றேன். "காது கேக்காதோ?" என்றார். நன்றாகக் கேட்கும் என்றேன். அவர் செத்த நேரம் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் நின்ற இரண்டு மில் பையன்கள் எனக்குப் பதிலாக மேலே கத்த ஆரம்பித்தார்கள், சொந்தமாக ஒன்றிரண்டு சேர்த்தும் கத்தினார்கள்.

பிறகு மேலேயிருந்து சத்தமே இல்லை. நான் கூப்பிட்டேன், பதில் இல்லை. மாப்ளே, முப்பத்தொரு வருஷத்தில் மில் சங்கு ஊதாத நாள் ஒன்றே ஒன்று பார்த்திருக்கிறேன், அன்றைக்கு மில்லைச் சுற்றி ஓடின மாதிரி இப்போது ராட்டினத்தைச் சுற்றி ஓடினேன். விழுந்திருந்தால் தெரிந்திருக்கும். மயக்கமாகியிருக்கலாம். பக்கத்துப் பெட்டியில் இருந்த ஒருவரைப் பார்த்து, "அய்யா, அந்தப் பொட்டியில என்ன நடக்குது?" என்று கைச்சாடையால் கேட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பேசிக்கிட்டிருக்காக!" என்றார்.

நான் நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு தலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. அக்கா கண்ணம்மாளின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்ணம்மாள் மடியிலிருந்து எதையோ எடுத்துக் கொடுக்க, அக்கா வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் வந்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் கீழே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

நாற்பது நிமிஷம் கழித்து பெல்ட் வந்தது, இறங்கினார்கள். அக்காவுக்கு முட்டி வலி என்று கண்ணம்மாள் தோளைக் கொடுத்தாள். "நீங்க மெதுவா வாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். அடுத்து மரணக் கிணறு என்று தாளில் இருந்ததால் நான் அங்கே போய் நின்றேன். அவர்களும் அங்கேதான் வர வேண்டும். வரவில்லை. ஒரு மணி நேரம் போல நின்றிருப்பேன், ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்திவிட்டு ஒருவர் பேசினார். "ஒரு முக்கிய அறிவிப்பு. உடையப்பன் என்ற பெரியவரைக் காணவில்லை. வயது ஐம்பத்தொன்பது. கையில் ஒரு தாள் வைத்திருப்பார். எந்நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்டவர்கள் அன்புடன் அழைத்து வரவும்." மாப்ளே, பிறந்தது முதல் நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பதற்குள் என்னைப் பிடித்துவிட்டார்கள். பிடித்தவன் ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் இருளப்பன். அவன் லேட்டாக வந்ததற்கு நான் போட்ட சிவப்புக் கோடு எத்தனையோ. "ஏட்டி, இங்க பாரு, நம்ம டைம் கீப்பரய்யா தொலைஞ்சுட்டாரு!" என்று பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கய்யா, இம்புட்டு லேட்டாவா வாரது?" என்று வழி நெடுக விசாரித்தபடி கூட்டிப்போனான்.

அறிவிப்புக் கொட்டகையில் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். "ஏலே, எங்க போன?" என்றாள் அக்கா. "பாவம் அண்ணி, தனியா விட்டிருக்கக் கூடாது" என்றாள் கண்ணம்மாள். அண்ணி என்று அவள் சொல்லி ஏழு வருஷம் ஆகிறது. அதைக் கேட்டதும் நான், மணி ஏழு ஐந்து என்று சொன்னேன்.

பதினோரு இடங்களில் நாலு பார்த்தோம். அப்பளம் அவர்கள் தின்றுவிட்டார்கள், நான் தின்னவில்லை. அதுகூடப் போகட்டும். இப்போது வீட்டில் இரண்டு பேரும் விடியற்காலையில் ஆரம்பித்தால் விளக்கு அணைக்கிற வரைக்கும் பேச்சுத்தான். சோற்றுக்கு வெஞ்சனம் என்ன வைப்பது என்று என்னைக் கேட்பதில்லை, உப்பு எங்கே என்று கேட்பதில்லை. பழக்கத்தில் நானே கூடத்திலிருந்து, "அக்கா, உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று குரல் கொடுத்தால், "நீ பேப்பரைப் படி" என்கிறாள். ஒரு மனிதன் ஒரு தடவை ரிட்டயர் ஆவது இயற்கை. எனக்கு இரண்டு தடவை ஆகிவிட்டது, இரண்டாவது தடவை மாலைகூடப் போடவில்லை. மேலே என்ன பேசினார்கள் என்று கேட்டால், ஒருத்தி ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஆகவே பொருட்காட்சி என்பது குடும்பஸ்தர்களுக்கு ஆகாத இடம். வர வேண்டாம். வந்தாலும் ராட்டினத்தில் யாரையும் ஏற்ற வேண்டாம். பிள்ளைகளைப் பழனி மலைக்குக் கூட்டிப்போங்கள், படி ஏறினால் படி இறங்கலாம், நடுவில் ஒன்றும் நிற்காது. தங்களுக்கும் தங்கள் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி. வீட்டம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்லவும். மழை பெய்து, பசுவின் கால் தேறி, வீடு நிறைய விளைந்து எல்லாரும் நூறு வயசு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் விசுவாசமுள்ள
உடையப்பன்.

பி.கு. இதை எழுதி நாலு நாளாக ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்று மில் சங்க ஆபீசுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகப் பொருட்காட்சிக்குப் போனேன். தாள் எடுத்துப்போகவில்லை. நேரே ராட்டினத்துக்குப் போய் ஏறினேன். என் பெட்டியில் பேகம்பூர் சுருட்டு வியாபாரி சௌகத் அலி என்று ஒரு பாய், முன்பின் பழக்கமில்லை. உச்சிக்குப் போனதும் ஊரே காலடியில் கிடந்தது, ஓடுகளும் தென்னைகளும், அந்தப் பக்கம் பாறை மேல் கோட்டையும். நான் கம்பியைப் பிடித்தேன், அவரும் பிடித்தார், பிறகு இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம். பிடித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. அவர் தம் தம்பியோடு பேச்சில்லாத கதையைச் சொன்னார். நான் இதுவரை யாரிடமும் சொல்லாத சிலதைச் சொன்னேன். இறங்கினோம், மறுபடி ஏறினோம். மொத்தம் ஐந்து தடவை. வரும் ஞாயிறோடு முடிகிறதாம். அதற்குள் எல்லாரும் வந்துவிடுங்கள் மாப்ளே, நான் வாசலில் நிற்கிறேன், என்னையும் உங்களோடு ஒரு பெட்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.