செருப்பு போட்ட லாரி

திருநெல்வேலி ஜில்லாவில் ஓடிய லாரிகளிலேயே ரொம்ப மெதுவாக ஓடியது கியர் அண்ணாச்சியின் லாரிதான். ஒரு முழ நீளம்கூட இருக்காது. ரிமோட்டில் ஓடும். ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் என் அறைக்கு எதிர் அறையில், அவருடைய கட்டிலுக்கு அடியில்தான் அதற்கு ஷெட். கதவிலிருந்து ஜன்னலுக்கு அது போய்ச் சேருவதற்குள் நான் குளித்து, துணி அலசிக் காயப்போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அண்ணாச்சி ஒரு நூல் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்ற கவலையும் இல்லை. அவருடைய பெயரை லாட்ஜில் யாரும் கேட்டதில்லை. எந்தப் பேச்சையும் கியரில் கொண்டுபோய் முடிப்பார், அதனால் கியர் அண்ணாச்சி. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், பாறை மேல் ஏறும் பொம்மை லாரியின் படத்தைப் பார்த்ததிலிருந்துதான் இந்தக் கூத்தெல்லாம்.

"வேகமாப் போற வண்டிய எவனும் செஞ்சிருவாம்லே தம்பி," என்பார் என்னிடம். "பையப் போற வண்டியச் செய்யுததுதான் பாடு. பையப் போனாத்தான் பாறை ஏறும்."

துபாயிலிருந்து வந்த மச்சான் ஷோகேஸில் வைத்திருந்த ரிமோட் காரை, தூசி தட்டித் தருவதாகச் சொல்லி வாங்கிவந்து பிரித்தார். அந்த மோட்டாரின் வேகத்தை அடக்கப் பழைய டேப் ரிக்கார்டர்களின் பல்சக்கரங்களை வரிசையாகக் கோத்தார். பிஸ்கட் டின் தகரத்தில் பாடி கட்டினார். டயருக்குத்தான் திண்டாட்டம். கடையில் வாங்கிய சக்கரம் பாறையில் வழுக்கியது.

அந்த வாரம் மாடிப்படிக்குக் கீழே கிடந்த செருப்புகளில் ஒன்று காணாமல் போனது. அப்புறம் இன்னொரு ஜோடியில் ஒன்று. ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான்? நாங்கள் தெருநாயைச் சந்தேகப்பட்டோம். வாட்ச்மேன் கம்போடு நாயை விரட்டியபோது, "அந்தா, அங்கன ஓடுது பாரும்" என்று மாடியிலிருந்து வழிகாட்டியவரே கியர் அண்ணாச்சிதான்.

லாரி முடிந்ததும் பூஜை போட்டார். முன்னால் 'முருகன் துணை', பின்னால் 'ஒலி எழுப்பவும்'. சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஊர் உலகத்து லாரியெல்லாம் பழத்தை நசுக்கிவிட்டுப் போகும். இது நின்று, யோசித்து, பழத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது. பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"நசுங்கலயே அண்ணாச்சி, அபசகுனம்லா?" என்றேன்.

"ஏறிட்டுல்லா? அதுக்குத்தானலே வண்டி!" என்றவர், அந்தப் பழத்தையே பிழிந்து எங்களுக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்தார்.

அபசகுனம் டிவி வழியாக வந்தது. கீழே லாட்ஜ் முதலாளி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஓவர். மாடியில் அண்ணாச்சி ரிமோட்டை அமுக்க, டிவியில் கோடு கோடாக ஓடியது. படம் திரும்பி வந்தபோது சோப்பு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. முதலாளி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"ஏற்கெனவே எஞ் செருப்பு ஒண்ணக் காணோம். இப்ப மேட்சும் போச்சு. ரூமக் காலி பண்ணும்வே!"

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. இந்த லாரிக்காகத் தகரம் தட்டிய சத்தத்துக்கே இதற்கு முன் இரண்டு லாட்ஜிலிருந்து துரத்தப்பட்டவர். இங்கேயும் இல்லையென்றால் அக்கா வீடுதான். அங்கே மச்சான் இருந்தார், ஷோகேஸில் காலி இடமும் இருந்தது.

"மொதலாளி, ஒரே ஒரு தடவ பாறைல ஏத்திக் காட்டுதேன். ஏறலன்னா நானே போயிருதேன்."

"ஏறுனா இரும். ஏறலன்னா நீரும் உம்ம லாரியும் கிளம்பிரணும். கையால தொடப்பிடாது, ஆமா."

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜே குறுக்குத்துறை ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பியது. எண்ணெய் தேய்த்த தலையும் தோளில் துண்டுமாக நாங்கள் சூழ்ந்து நிற்க, ஆற்றங்கரையில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பாறையில் லாரி ஏறத் தொடங்கியது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். லாரி கால்வாசி ஏறியதும் கிட்டே வந்தார். பாதி ஏறியதும் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பையவே, பைய! வலத்த திருப்பும்!" யார் பக்கம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

உச்சிக்குச் சாண் தூரத்தில் ஒரு சக்கரம் பாறை வெடிப்பில் மாட்டிக்கொண்டது. இன்னொரு சக்கரம் அந்தரத்தில், முதலாளியின் மூக்குக்கு நேராக, நிதானமாகச் சுற்றியது. அந்த டயரில் சிவப்பு நூலில் ஒரு தையல். முதலாளியின் கண்கள் அதோடு சேர்ந்து சுற்றின.

"ஏய், இது நாந் தச்சுப் போட்டிருந்த செருப்புல்லா!"

ஆற்றில் குளித்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சியின் விரல் ரிமோட்டிலேயே உறைந்துவிட்டது. முடிந்தது கதை, மனுஷன் இன்றைக்கே பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

முதலாளி டயரைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"எஞ் செருப்பு வழுக்காதுவே. எத்தன வருசம் இந்தத் துறையில போட்டு நடந்திருக்கேன்! என்ன முழிக்கீரு? முடுக்கும்!"

அண்ணாச்சி முடுக்கினார். லாரி ஒரு குலுங்கு குலுங்கி, வெடிப்பைத் தாண்டி, பைய உச்சியில் போய் நின்றது.

"ஏறிட்டுவே! எஞ் செருப்பு ஏறிட்டு!" என்று துண்டைச் சுழற்றினார் முதலாளி. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையில் வைத்த எண்ணெய் இறங்கிவிட்டது என்றார். லாட்ஜுக்குத் திரும்பியதும், மேஜைக்கு அடியில் கிடந்த மிச்ச ஒற்றைச் செருப்பை முதலாளியே எடுத்து நீட்டினார்.

"இதையும் வச்சுக்கிடும். ஸ்டெப்னிக்கு ஆவும். மேட்ச் நாள்ல மட்டும் வண்டிக்கு லீவு, என்ன?"

நான் மாற்றலாகி ஊரை விட்டு வந்தபோதும் அண்ணாச்சி அதே அறையில்தான் இருந்தார். அப்புறம் தொடர்பு விட்டுப்போயிற்று. அவரை நினைக்காத வாரம் கிடையாது. போன மாதம் ஒரு கல்யாண மண்டப வாசலில் என் செருப்பில் ஒன்று மட்டும் காணவில்லை. வீட்டுக்காரி மண்டபம் கேட்கத் திட்டினாள். எனக்கென்னவோ கோபமே வரவில்லை. அண்ணாச்சி எங்கேயோ நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வெறுங்காலோடு பைய நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.