எல் போர்டுக்கு லைட்டு கெட்டின கத

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலதான். சாயங்காலம் ஏழு மணிக்கு பாறசாலை ஸ்டேஷன்ல வந்திறங்குற மருமவள கார்ல கூட்டிட்டு வரணும்.

அறுவத்திரண்டு வயசுல கார் படிக்கேன். சிரிக்கணும்னா இப்பமே சிரிச்சு தீத்துக்கிடுங்க.

பக்கத்து சீட்டுல லைசென்ஸ் உள்ள ஆளு இருக்கணுமாம். எனக்கு வாய்ச்சது எனக்க வீட்டுக்காரரு. முப்பது வருசம் பஸ் ஓட்டினவரு. ஒருக்கா வழி தெரியாம ஒரு கல்யாணக் கூட்டத்த மரிச்ச வீட்டுல கொண்டு எறக்கினவரும் இவருதான். அவிய அங்கயும் சாப்பிட்டுட்டுத்தான் வந்தாவ! அத விடுங்க.

"ஏட்டி, இன்னைக்கு அவள நேரத்துக்கு கூட்டியாந்தா நாளைக்கும் கூட வாறேன். இல்லேன்னா சாவி பீரோவுக்குள்ளயாக்கும்"ன்னாரு.

செரி. ஆனா இருட்டினா எனக்க எல் போர்டு ஒருத்தன் கண்ணுலயும் படாது. பேப்பர்ல செவப்பு மையில எழுதி ஒட்டினது. முந்தாநாள் ஒரு டிப்பர்காரன் பொறத்தால வந்து முட்டப் பாத்துட்டு, எறங்கி எங்கிட்ட கேக்குகான், "அம்மச்சீ, எல் எழுதினா போதுமா? காணண்டே?"

கண்ணு அவனுக்கு, குத்தம் எனக்கு!

காணணுமா? காட்டித்தாறேன் மக்கா!

கிறிஸ்மஸ் நட்சத்திரத்துல சுத்தின பேட்டரி லைட்டு பரண்ல கெடந்தது. நாங்க கோயிலுக்குப் போறவியதான், ஆனா நட்சத்திரம் தூக்காத வீடு இங்க உண்டா? அத எடுத்து முன்போர்டையும் பின்போர்டையும் சுத்தி மினுங்க மினுங்க கெட்டினேன்.

அவரு கோயில்லேருந்து வந்த கோலத்துலயே ஏறினாரு. சட்ட இல்ல. நெத்தி நெறய சந்தனம்.

"சட்டயப் போடுங்க."

"காருக்குள்ள இருக்கவன யாரு பாக்கப்போறா?"

போற வழியில கொல்லயில்ங்குற ஊரு பக்கம் பத்து கிலோமீட்டர் வேகத்துல உருட்டிட்டு போறேன். ஒரு வீட்டு அம்மா விளக்கோட ரோட்டுக்கு ஓடியாறா! பதறி பிரேக்க மிதிச்சேன். வண்டி ஆஃப்.

"தேவி வந்நே! நெல்லு எடுக்கடீ!"ன்னு உள்ள பாத்து ஒரே கூப்பாடு.

அப்பத்தான் மண்டையில ஏறுது. இது பறையெடுப்பு சமயமாக்கும்! திருவிழாவுக்கு முன்னால தேவிய லைட்டு கெட்டின வண்டியில பைய வீடு வீடா கொண்டு வருவாவ. விளக்கு வச்சு, பறை நெறய நெல்லு குடுக்கணும். பறைன்னா கொட்டுற பறை இல்ல, நெல்லளக்குற மரக்கா.

அந்த அம்மா நேரா அவருக்க ஜன்னலுக்குப் போயிட்டா. "திருமேனி, எனக்க மோளுக்கு ஒரு ஜோலி கிட்டணும்."

நான் பூசாரி இல்லன்னு சொல்லணுமா வேண்டாமா? இந்த மனுசன் கண்ண அடச்சுக்கிட்டு, "கிட்டும், கிட்டும்"ங்குகாரு!

"வாய மூடுங்க!"ன்னு ஸ்டார்ட் பண்ணினேன். ரெண்டு வீடு தாண்டினா அடுத்த விளக்கு. மறுபடியும் ஆஃப். பின் சீட்டுல இப்பம் நெல்லு, தேங்கா, ஒரு கொல பழம்.

பொறத்தால ஒரு பஸ்சு, நாலு காரு, ஏகப்பட்ட பைக்கு. ஒருத்தன் ஹாரன் அடிக்கணுமே! தினமும் எனக்க காது கிழிய அடிக்கிற அதே பயலுவ, ஹெல்மெட்ட கழத்தி மடியில வச்சுட்டு என்னா பவ்யம்! எல்லுன்னா தெரியாத கண்ணு, சாமின்னா தெளியுது. எலே, முட்டினா சாவப்போறது நானாக்கும், சாமி இல்ல!

நான் மட்டும் என்ன யோக்கியம்? எறங்கி, "இது தேவி இல்ல, எல்லு"ன்னு சொல்லப்பிடாதா? சொல்லல. ரோட்டுல அவ்வளவு மரியாத எனக்கு எப்பம் கெடச்சுது?

மணி ஏழரை ஆயிட்டு. எதிர்ல வந்த ஒரு ஆட்டோ எங்களக் கண்டதும் ஓரமா ஒதுங்கி நின்னுது. ஒருத்தி எறங்கினா. செருப்ப கழத்தினா. கண்ண மூடி ரெண்டு கையையும் கூப்பினா.

எனக்க மருமவ! ஸ்டேஷன்ல காத்து நின்னு மடுத்துப் போய் ஆட்டோ பிடிச்சிருக்கா.

கண்ணத் தொறந்தா, ஸ்டியரிங்குல நான்.

"மாமீ...?"

அவரு கைய நீட்டி சாவிய உருவினாரு. "பீரோ."

போவட்டும். கல்யாணம் களிஞ்ச பதினொரு வருசத்துல மருமவ என்னக் கையெடுத்துக் கும்பிட்டது இதுதான் மொதல் தடவ.