வெர்லின் நான்கு முறை விழுந்தார்

மகள் ஜேனெல் காரை நிறுத்திவிட்டுப் படியேறி வருவதற்குள், இடது கண்ணைச் சுற்றியிருந்த கருநீல வீக்கத்துக்கு வெர்லின் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மினசோட்டாவின் உறைந்த ஏரிமேல் அறுபது குளிர்காலம் நடந்து மீன் பிடித்தவர். ஒருநாளும் சறுக்கியதில்லை. முந்தாநாள் சொந்தக் கூடத்தில் கம்பளம் தடுக்கிக் குப்புற விழுந்தார். இது தெரிந்தால் ஏரிமேல் இருக்கும் மீன்பிடிக் குடிசையின் சாவியை மகள் பிடுங்கிக்கொள்வாள். அறுபது வயதாகியும் அவளுக்கு அப்பாவை அதட்டுவதில் ஒரு குறையும் இல்லை. எண்பத்தொரு வயதில் அவருக்கென்று மிச்சமிருந்த ராஜ்யமோ அந்தக் குடிசை ஒன்றுதான்.

"கண்ணுல என்னப்பா?"

"எக்ஸர்சைஸ் கிளாஸ்ல ரப்பர் பட்டை தெறிச்சிடுச்சு."

எந்த வகுப்பு என்று கேட்டாள். சர்ச் அடித்தளத்தில் வயதானவர்களுக்கு நடக்கிறதே அதுதான், செவ்வாயும் வியாழனும், ஒரு மாதமாகப் போகிறேன் என்று வெர்லின் அளந்தார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி.

ஜேனெல் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "வியாழக்கிழமை நானும் வந்து பாக்கறேன்."

வேறு வழியில்லை. புதன்கிழமை காலையில் சர்ச்சுக்கு ஓடி, வியாழக்கிழமை வகுப்பெடுக்கும் கார்லாவிடம் பெயர் கொடுத்தார். அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று அதில் கேட்டிருந்தது. ஒருமுறைகூட இல்லை என்று எழுதினார்.

அப்படியானால் இடமில்லை, இது விழுந்தவர்களுக்கான வகுப்பு என்றாள் கார்லா. அதை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினார். ஒன்று என்றால் கோடை வரை காத்திருக்க வேண்டுமாம், நிறைய விழுந்தவர்களுக்குத்தான் முதலிடமாம். இந்தச் சின்ன ஊரில் விழுவதற்கும் இத்தனை போட்டியா என்று மலைத்தவர், 'நான்கு' என்று திருத்திக் கொடுத்தார். உடனே நாற்காலி கிடைத்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டு நாற்காலிகளுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் கொக்குபோல ஒற்றைக்காலில் நின்றார்கள். வெர்லின் உடும்புப் பிடியாக நாற்காலியைப் பிடித்திருந்தார். கதவோரம் ஜேனெல் கைகட்டி நின்றாள்.

கார்லா நல்ல எண்ணத்தோடுதான் அவளிடம் போனாள். "நேத்துதான் சேர்ந்தாரு உங்கப்பா. ஒரு வருஷத்துல நாலு தடவை விழுந்திருக்காரு. தனியா எங்கயும் விடாதீங்க."

வெர்லினின் தூக்கிய கால் தானாகத் தரைக்கு வந்தது.

"நாலு இல்லம்மா, ஒரே தடவைதான். வீட்டுக் கம்பளம் தடுக்கிடுச்சு. மத்த மூணும் பொய்."

சொன்ன பிறகுதான் எதை ஒப்புக்கொண்டோம் என்பது உறைத்தது.

"குடிசைச் சாவியக் குடுங்கப்பா," என்று ஜேனெல் கை நீட்டினாள். "விழுந்ததக்கூட மன்னிச்சிடலாம். பெத்த பொண்ணுகிட்ட மறைக்கலாமா?"

வெர்லின் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, இரண்டு நாள் வகுப்புக்கும் காபி ஊற்றுகிற ஆர்டிஸ் கெட்டிலோடு உள்ளே வந்தாள். ஜேனெலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"என்ன ஜேனெல், ரெண்டு மாசமா செவ்வாய்க்கிழமை தவறாம வர்றவ, இன்னிக்கு வந்திருக்க? அஞ்சு தடவை விழுந்த இடுப்பு இப்ப தேவலையா?"