கழுதை இளைப்பு மேடும் சூரியக் கல்லும்

வியாழச் சந்தைக்குப் போகிற வழியில் உருளைக்கிழங்கைவிட வேகமாக விற்றது சூரியக் கல். விற்றவர் குரு விடாலியானோ. வண்டிக் கண்ணாடியில் அதைத் தொங்கவிட்டால் கிழட்டு எஞ்சினுக்கும் எருது பலம் வருமாம். விலை எழுநூறு பொலிவியானோ. பலம் எஞ்சினுக்கு வந்ததோ இல்லையோ, குருவின் தொந்திக்கு வந்திருந்தது.

நாலாயிரம் மீட்டர் உயரத்தில் மனிதனுக்கே மூச்சு வாங்கும். முப்பத்தைந்து வயது பிக்கப் வண்டி பாவம் என்ன செய்யும்? கழுதை இளைப்பு மேட்டின் பாதியிலேயே இருமி நின்றுவிடும்.

அந்த மேட்டின் அடிவாரத்தில்தான் குருவின் கூடாரம். வண்டியைப் படுதாவுக்குப் பின்னால் தள்ளிப்போய் ஒரு மணி நேரம் பூசை செய்வார். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கல் கோபித்துக்கொள்ளும். கல்லுக்குக் கண் இருந்தது. வாங்குகிறவர்களுக்குத்தான் இல்லை.

ஆனால் ஒரு சங்கடம்: பூசை முடிந்த வண்டிகள் நிஜமாகவே சீறிக்கொண்டு மேடேறின!

கிழங்கு விவசாயி தியோதோசியோவுக்கு அதைப் பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரமாக அவன் கிழங்கு மூட்டைகள் தாமதமாகத்தான் சந்தை சேர்ந்தன. இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக வியாபாரி சொல்லிவிட்டார்.

"மூட்டை சுமக்கிற ரெண்டு லாமாவையும் வித்துட்டுக் கல்லு வாங்கிடலாம்" என்றான்.

"வித்துரு. அப்புறம் மேட்டுல வண்டி நின்னா மூட்டையைக் கல்லு முதுகுல ஏத்து" என்றாள் மனைவி செனோபியா.

"நம்ம சத்துர்னினோ வண்டி எப்படி ஏறுது பாத்தியா?"

"பாத்தேன். அதான் சந்தேகம்."

பூசை முடிந்து மேடேறிய சத்துர்னினோவின் வண்டி அப்போதுதான் திரும்பி இறங்கி வந்தது. செனோபியா ஜன்னலுக்குள் கையை விட்டுக் கல்லைக் கழற்றிக்கொண்டாள்.

"ஏய் தங்கச்சி! எழுநூறு அது!"

"திருப்பித் தரேண்ணே. இப்ப ஒரு தடவ ஏறிக் காட்டு."

ஏறியது. கல் இல்லாமலே, உச்சிவரை.

பிறகு அதே கல்லைத் தங்கள் வண்டியில் தொங்கவிட்டாள். "ஓட்டுய்யா." வண்டி பாதி மேட்டில் இருமியது. நின்றது. பின்பக்கமாகவே இறங்கி வந்தது.

"பூசை போடாம கல்லு முழிக்காது, தாயி!" குரு பதறினார்.

"அப்போ கல்லு இல்லாம பூசை மட்டும் போடுங்க, சாமி. எல்லார் முன்னாலயும்."

குரு படுதாவை இழுத்து மூடினார். செனோபியா தங்கள் வண்டியின் எஞ்சின் மூடியைத் தூக்கி, எஞ்சின் மூச்சு வாங்கும் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே கார்னிவல் திருவிழா! சிவப்பு, பச்சை, மஞ்சள் காகிதத் துணுக்குகள் பீரில் ஊறி அப்பமாகக் கிடந்தன. ஊர் வழக்கப்படி வருடாவருடம் கார்னிவல் செவ்வாயன்று வண்டி நன்றாக ஓட வேண்டுமென்று மூடியைத் திறந்து எஞ்சின் தலையிலேயே தியோதோசியோ கொட்டிய ஆசீர்வாதம். பதினொரு வருட ஆசீர்வாதத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டியிருந்தது.

சத்துர்னினோ ஓடிப்போய்ப் படுதாவை விலக்கினான். பின்னால் இரண்டு பேர் தூரிகையும் காற்றடிக்கும் பம்புமாக நின்றார்கள். பக்கத்தில் வண்டிகளிலிருந்து தட்டி எடுத்த ஒரு மூட்டை வண்ணக் காகிதம்.

"ஃபில்டரத் தட்டி, டயருக்குக் காத்தடிக்க எழுநூறாடா?" என்று கத்தினான்.

குரு கழுதை இளைப்பு மேட்டில் ஓடினார். அன்று எந்த வண்டியும் அவ்வளவு வேகமாக ஏறவில்லை.

தியோதோசியோ ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து மாட்டினான். பன்னிரண்டு மூட்டையோடு வண்டி முனகாமல் ஏறியது. சந்தை கூடும் முன்பே இருவரும் வியாபாரியின் வாசலில் நின்றார்கள். லாமாக்கள் தங்கள் பாட்டுக்குப் புல் மேய்ந்தன.

"அப்போ வர்ற கார்னிவலுக்குக் காகிதம் தூவக் கூடாதா?" தியோதோசியோவின் முகம் சுண்டியது.

"தூவுய்யா. ஆசையா தூவு. மூடியைச் சாத்திட்டுத் தூவு" என்றாள் செனோபியா. "மண்டையை மட்டும் திறந்தே வை. ஊரு முழுக்க ரெண்டையும் மாத்திச் செஞ்சதுலதான் அந்தாளு வயிறு வளத்தான்."